எவரெஸ்ட்டில் ஏறிய பிறகு ஸ்கூலுக்குப் போன மனுஷன்! - டென்சிங் நார்கேவின் இன்னொரு கதை

1954-ம் வருஷம், கோடைக்காலம். சுவிட்சர்லாந்தில் மெய்ரிங்கன் ஊருக்கு மேலே ரோசன்லாவி என்று ஓர் இடம். ஆர்னால்ட் கிளாட்ஹார்ட் என்ற மலை வழிகாட்டி அங்கே மலையேற்றப் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். அந்தக் கோடையில் இந்தியாவில் இருந்து ஏழு மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஏழு பேருமே ஷெர்பாக்கள். முடிச்சு எப்படிப் போடுவது, கயிற்றை எப்படிப் பிடிப்பது, பாறையில் இருந்து எப்படி இறங்குவது என்று எல்லாமே அடிப்படையில் இருந்து ஆரம்பம்.

அந்த ஏழு பேரில் ஒருவருக்கு 40 வயசு. சரியாக ஒரு வருஷத்துக்கு முன்னாடி, 1953 மே 29-ம் தேதி காலை 11.30 மணிக்கு, எட்மண்ட் ஹிலாரியோடு எவரெஸ்ட் உச்சியில் நின்றவர் அவர். உலகமே அவர் படத்தை நாளிதழ்களின் முதல் பக்கத்தில் பார்த்துவிட்டது. டென்சிங் நார்கே.

உலகத்தின் உச்சிக்கே போய்விட்டு வந்தவருக்கு முடிச்சு போட யார் சொல்லிக்கொடுக்க முடியும்? நமக்கெல்லாம் தோன்றுகிற கேள்விதான். ஆனால் டென்சிங் மறுபேச்சில்லாமல் வகுப்பில் உட்கார்ந்தார். ஏன் என்று புரிய வேண்டுமென்றால், எவரெஸ்ட்டுக்கு முந்தைய 20 வருஷத்தில் அந்த மனுஷன் என்னவெல்லாம் பார்த்தார் என்று தெரிய வேண்டும்.

முதல் இன்டர்வியூவில் ரிஜெக்ட்

1914-ல் பிறந்தார். தேதி அவருக்கே தெரியாது. பயிர் வளர்ந்திருந்த அளவையும் பருவத்தையும் வைத்து மே மாதக் கடைசி என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். எவரெஸ்ட் ஏறிய பிறகு மே 29-ஐயே பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். அப்பா யாக் மேய்ப்பவர். வீட்டில் 13 குழந்தைகள், இவர் 11-வது. பலர் சின்ன வயசிலேயே இறந்துபோனார்கள். முதலில் வைத்த பேர் நம்கியால் வாங்டி. ஒரு லாமாவின் யோசனைப்படி மாற்றியதுதான் டென்சிங் நார்கே.

எவரெஸ்ட்டின் நிழலில் இருக்கும் தாமே என்ற ஊரில் வளர்ந்த பையனுக்குப் பள்ளிக்கூடம் என்று ஒன்று கிடையாது. கடைசிவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் ஷெர்பா, திபெத்தியன், நேபாளி, இந்தி என்று பல மொழிகள் பேசுவார். இங்கிலீஷையும் பேசிப் பேசியே பழகிக்கொண்டார்.

1930-களில் மலையேற்ற வேலை வேண்டுமென்றால் டார்ஜிலிங்குக்குத்தான் போக வேண்டும். வெள்ளைக்காரர்களின் எக்ஸ்பெடிஷன் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். வீட்டை விட்டு ஓடிவந்த டென்சிங், அங்கே டூங்சூங் பஸ்தி என்ற ஷெர்பா குடியிருப்பில் ஒண்டிக்கொண்டார். 1933-ல் எவரெஸ்ட் குழு ஆள் எடுத்தபோது போய் நின்றார். ரிஜெக்ட். நீளமான ஷெர்பா சடையை ஃபேஷனாக வெட்டியிருந்ததால் ஷெர்பா மாதிரியே தெரியவில்லை, கையில் முன் அனுபவச் சான்றும் இல்லை. 1935-ல் எரிக் ஷிப்டன் ஆள் எடுத்தபோதும் சான்று கிடையாது. ஆனால் கடைசி நேரத்தில் இவரையும் வரிசையில் இருந்து ஷிப்டன் எடுத்துக்கொண்டார். அந்தப் பளீர் சிரிப்பு அவருக்குப் பிடித்துப்போனது என்று சொல்வார்கள்.

அதாவது டென்சிங்கின் கரியர், எந்த ட்ரெயினிங்கும் இல்லாமல், மூட்டை தூக்கும் வேலையில் ஆரம்பித்தது. போகிற வழியிலேயே கற்றுக்கொள்ள வேண்டியதுதான். கற்றுக்கொள்வதற்குள் உயிர் போகாமல் இருந்தால் அதிர்ஷ்டம். 1938 எவரெஸ்ட் பயணத்தில் உயர முகாம் வரை சுமை கொண்டுபோய், இமாலயன் கிளப்பின் டைகர் பதக்கம் வாங்கிவிட்டார். அதற்கும் சம்பளம் பெரிசாகக் கூடிவிடவில்லை என்பது வேறு கதை.

பையன்களை மலைக்குக் கூட்டிப்போன வாத்தியார்கள்

எல்லாரும் எவரெஸ்ட்டுக்குத் தாவிவிடுவதால் இந்தப் பகுதியை யாரும் பேசுவதில்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

டேராடூனில் டூன் ஸ்கூல். அங்கே வேலை பார்த்த ஜாக் கிப்சன், ஜான் மார்ட்டின் போன்ற ஆசிரியர்களுக்கு மலை என்றால் பைத்தியம். 1937-ல் இவர்கள் கர்வாலில் இருக்கும் பந்தர்பூஞ்ச் மலைக்குக் கிளம்பியபோது உடன் போனவர் டென்சிங். உச்சி கிடைக்கவில்லை. 1946-ல் மறுபடி போனார்கள். அப்போதும் கிடைக்கவில்லை. அந்த இரண்டாவது குழுவில் டூன் ஸ்கூலின் பழைய மாணவர் ஒருவரும் இருந்தார். பேர் நரேந்திர தர் ஜெயால், எல்லோருக்கும் நந்து. இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். கடைசியில் 1950-ல் பந்தர்பூஞ்ச் உச்சியைத் தொட்டவர்களில் டென்சிங்கும் ஒருவர்.

13 வருஷம், ஒரே மலை. உச்சி வேண்டும் என்று அடம்பிடிக்காமல் திரும்பி வரத் தெரிந்த வாத்தியார்கள். இளைஞர்களை மலைக்குக் கூட்டிப்போகும் பெரியவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை டென்சிங் பக்கத்தில் இருந்தே பார்த்தது இங்கேதான்.

அதற்கு எதிரானதையும் பார்த்தார். 1950 குளிர்காலம், நங்கா பர்பத். தோர்ன்லி, கிரேஸ், மார்ஷ் என்று மூன்று இளம் ஆங்கிலேயர்கள். அவர்களோடு டென்சிங்கும் சில ஷெர்பாக்களும். நவம்பர், டிசம்பர் மாதத்தில் நங்கா பர்பத் எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். பனிச்சரிவின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஷெர்பாக்கள் இதற்கு மேல் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். டென்சிங்குக்குக் கஷ்டமான முடிவு. சம்பளம் கொடுப்பவர்களிடம் முடியாது என்று சொல்வது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை. மூன்று பேரும் தாங்களாகவே மேலே போனார்கள். கால் உறைந்துபோன மார்ஷ் மட்டும் கீழே வந்தார். மற்ற இருவரும் திரும்பவே இல்லை.

இதற்கு முன்பே 1947-ல் இன்னொரு பாடம். சுவிஸ் குழுவோடு கேதார்நாத் மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது தலைமை ஷெர்பா வாங்டி நோர்புவும், அவரோடு ஒரே கயிற்றில் இருந்த சுவிஸ்காரரும் சறுக்கி விழுந்தார்கள். வாங்டியின் கால் உடைந்துவிட்டது. அன்றைக்கே கீழே இறக்க முடியவில்லை. ராத்திரி முழுக்கப் பனியில் தனியாகக் கிடந்தவர், தன்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தியால் தன்னையே குத்திக்கொண்டார். மறுநாள் மேலே போய் அவரைக் கீழே கொண்டுவந்த குழுவில் டென்சிங் இருந்தார். வாங்டி பிழைத்துக்கொண்டார். அவர் இடத்தில் டென்சிங் சர்தார் ஆனார். மற்ற ஷெர்பாக்களுக்கு எல்லாம் பொறுப்பாளி. முதல் ப்ரோமோஷன் இப்படியா கிடைக்க வேண்டும்?

1951-ல் நந்தா தேவி. பிரெஞ்சுக் குழுவின் தலைவர் ரோஜர் துப்ளாவும், ஜில்பெர் வின்யேவும் இரண்டு உச்சிகளுக்கு நடுவே இருக்கும் நீண்ட முகட்டைக் கடக்கக் கிளம்பி மறைந்துபோனார்கள். அவர்களைத் தேடி டென்சிங்கும் லூயி துபோவும் நந்தா தேவி கிழக்கு உச்சி வரை ஏறினார்கள். ஆட்கள் கிடைக்கவில்லை. வாழ்க்கையிலேயே கஷ்டமான ஏற்றம் எது என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம் அவர் சொன்னது எவரெஸ்ட்டை அல்ல, இந்த மலையைத்தான்.

ஒரு கயிறு, ஒரு பனிக்கோடாரி

1952-ல் சுவிஸ்காரர் ரேமண்ட் லாம்பெர்ட்டோடு சுமார் 8,595 மீட்டர் வரை போனார். அதுவரை மனுஷக்கால் படாத உயரம். உச்சிக்கு இன்னும் 250 மீட்டர்தான். திரும்பிவிட்டார்கள். அதே வருஷம் குளிர்கால முன்பனியில் இன்னொரு முயற்சி, அதுவும் தோல்வி. உடம்பு தளர்ந்துபோய் வந்தவரை 1953-க்கு ஜான் ஹன்ட்டின் பிரிட்டிஷ் குழு கூப்பிட்டது.

அந்த மே 29 காலையைப் பற்றி ஆயிரம் கட்டுரை வந்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரல் 26. கும்பு பனியருவி என்று ஒரு இடம், பெரிய பெரிய பனிப்பாளங்கள் உடைந்து நகர்ந்துகொண்டே இருக்கும் பகுதி. ஹிலாரியும் டென்சிங்கும் ஒரே கயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹிலாரி எப்பவுமே வேகமான ஆள். ஒரு பனிப்பிளவைத் தாண்டக் குதித்தார், கால் வைத்த விளிம்பு அப்படியே உடைந்தது, ஆள் உள்ளே போய்விட்டார். டென்சிங் அந்த நொடியிலேயே பனிக்கோடாரியைப் பனியில் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இறுக்கினார். ஹிலாரி பாதியில் நின்றார்.

இதற்குப் பேர் பிலே. மேலேயோ கீழேயோ ஒருவர் கயிற்றைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது, விழுகிறவர் தரையைத் தொடுவதற்குள் நிறுத்துவது. எவரெஸ்ட் கதையின் ஹீரோ உண்மையில் அந்த ஒரு நொடிதான் என்பது என் கட்சி. பிலே பிசகியிருந்தால் மே 29 வந்திருக்காது. அன்றைக்கு அப்புறம்தான் இவரோடு சேர்ந்து உச்சிக்குப் போகலாம் என்று ஹிலாரிக்கே தோன்றியது.

உச்சியில் 15 நிமிஷம் இருந்தார்கள். மகள் நீமா கொடுத்தனுப்பிய சிவப்பு-நீலப் பென்சிலையும் கொஞ்சம் இனிப்பையும் பனியில் புதைத்துவிட்டு இறங்கினார் டென்சிங்.

ஆயிரம் டென்சிங்குகள்

அவர் இறங்கியதும் நாட்டில் கொண்டாட்டம். நேரு, அவருடைய பேரை வைத்துச் சும்மா ஒரு சிலை திறந்துவிட்டுப் போயிருக்கலாம். செய்யவில்லை. இந்திய இளைஞர்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுக்க ஒரு நிறுவனம் வேண்டும், டென்சிங் ஆயிரம் டென்சிங்குகளை உருவாக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மேற்கு வங்க முதல்வர் டாக்டர் பி.சி.ராய் இதற்குப் பின்னால் உறுதியாக நின்றார். 1954 நவம்பர் 4-ம் தேதி டார்ஜிலிங்கில் ஹிமாலயன் மவுன்டனியரிங் இன்ஸ்டிட்யூட் பிறந்தது. சுருக்கமாக எச்.எம்.ஐ.

முதல் பிரின்சிபால் யார் தெரியுமா? மேஜர் நரேந்திர தர் ஜெயால். அதேதான், பந்தர்பூஞ்ச்சில் கூட வந்த நந்து. களப்பயிற்சி இயக்குநர், டென்சிங்.

ஆரம்பத்தில் நிறுவனம் இயங்கியது லேபாங் சாலையில் இருக்கும் ராய் வில்லா என்ற வீட்டில். நம்ம பாரதியார் குருவாக வணங்கிய சகோதரி நிவேதிதா 1911-ல் இறந்தது அதே வீட்டில்தான். டார்ஜிலிங் ட்ரிப் போகிறவர்கள் டைகர் ஹில் சூரிய உதயத்துக்கு மூணு மணிக்கே எழுந்து ஓடுகிறோம், இந்த வீட்டைக் கவனிப்பதில்லை. பிறகு எச்.எம்.ஐ பிர்ச் ஹில்லுக்கு மாறியது. இப்போது அந்தக் குன்றின் பேர் ஜவஹர் பர்பத், பக்கத்திலேயே ஜூ.

நிறுவனம் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. யார் சொல்லிக்கொடுப்பது? ஷெர்பாக்களுக்கு மலை தெரியும். ஆனால் மலை தெரிவது ஒரு வேலை, பயத்தில் கால் நடுங்கும் 18 வயசுப் பையனுக்கு மலையைப் புரியவைப்பது வேறு வேலை. டென்சிங் பத்து வருஷத்தில் தானாகக் கண்டுபிடித்த ஒரு விஷயத்தை நாலு வாரத்தில் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் விபத்து இல்லாமல். அதற்கு முறை வேண்டும், வரிசை வேண்டும், எந்தத் தப்பு எந்த இடத்தில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் அந்த ரோசன்லாவி வகுப்பு. டென்சிங்கோடு போனவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1950-ல் பிரெஞ்சுக்காரர்கள் அன்னபூர்ணாவை வென்றபோது சர்தாராக இருந்த அங் தார்கே, எவரெஸ்ட்டில் ஹன்ட்டோடு உயரம் வரை சுமை கொண்டுபோன தா நம்கியால், டென்சிங்கின் சகோதரி மகன் நவாங் கோம்பு. இந்தப் பட்டியலை இன்றைக்கு எந்த ஊரில் காட்டினாலும் இவர்களுக்குப் பாடம் நடத்துவதா என்று சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்காமல் கற்றுக்கொண்டார்கள்.

அன்றைய கருவிகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இப்போது ராப்பெல்லிங் என்றால் இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ், அதில் காரபினர், கயிற்றின் வேகத்தைக் குறைக்க ஒரு டிசெண்டர், தலையில் ஹெல்மெட். அந்தக் காலத்தில் கயிறே ஹார்னஸ். தொடைக்கு நடுவே விட்டு, இடுப்பைச் சுற்றி, மார்புக் குறுக்கே கொண்டுவந்து, தோளுக்கு மேலே போட்டு, உடம்பின் உராய்விலேயே இறங்க வேண்டும். சட்டை கிழியும், தோல் எரியும். கவனம் தப்பினால் கயிறு கழன்றுவிடும். இதை ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள், ஒவ்வொரு சுற்றையும் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் காலை விளிம்புக்கு வெளியே வைக்க விடலாம்.

இன்னொரு விஷயம். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஈஸி என்று நமக்கு ஒரு நினைப்பு. ஏறும்போது கையும் காலும் பாறையைப் பிடித்திருக்கும், கயிறு ஒரு இன்ஷூரன்ஸ் மட்டுமே. ராப்பெல்லிங்கில் உங்கள் முழு எடையும் கயிற்றில். அந்தக் கயிறு மேலே எதில் கட்டியிருக்கிறதோ அதில்தான் உங்கள் உயிர். அதற்கு ஆங்கர் என்று பேர். ஆங்கர் ஒன்றுக்கு இரண்டாக இருக்க வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று தாங்க வேண்டும். புதுசாக இறங்குகிறவருக்குத் தனியாக இன்னொரு கயிற்றில் பிலே வேண்டும், அல்லது கீழே ஒருவர் கயிற்றைக் கையில் பிடித்து நிற்க வேண்டும். மேலே இருப்பவர் பயத்தில் கையை விட்டுவிட்டால், கீழே இருப்பவர் கயிற்றை இழுத்து இறுக்கினாலே ஆள் அந்தரத்தில் நின்றுவிடுவார்.

லேபாங் சாலையில் இரண்டு பெரிய பாறைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு டென்சிங் ராக், எதிரே இருப்பதற்கு கோம்பு ராக் என்று பேர். எச்.எம்.ஐ மாணவர்கள் பனிக்குப் போவதற்கு முன்னால் கையைப் பழக்கியது இந்தப் பாறைகளில்தான். அப்புறம் டார்ஜிலிங்கில் இருந்தே நடந்து, மேற்கு சிக்கிமில் சுமார் 14,600 அடி உயரத்தில் இருக்கும் சவுரிகாங் முகாமுக்கு. அங்கேதான் பனிப்பாறையில் பயிற்சி.

பிரின்சிபாலையும் மலை விடவில்லை

1958-ல் இந்தியக் குழு ஒன்று சோ ஓயு மலைக்குப் போனது. ஜெயால் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பி, குழுவைப் பிடிக்க வேகமாக மேலே ஏறினார். உயரத்துக்கு உடம்பு பழக நேரம் கொடுக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்து முகாமிலேயே இறந்துபோனார். உயரத்தில் அவசரப்படக் கூடாது என்பது எச்.எம்.ஐ-யில் முதல் வாரம் சொல்லித்தரும் பாடம். அதைச் சொல்லித்தந்த நிறுவனத்தின் தலைவரே அப்படிப் போனது டென்சிங்கை எவ்வளவு உலுக்கியிருக்கும்! இளம் வயசில் இருந்து பார்த்த பையன்.

அடுத்த வருஷமே இன்னொரு அடி. அதே சோ ஓயுவுக்கு, பிரெஞ்சு வீராங்கனை க்ளோட் கோகன் தலைமையில் பெண்கள் குழு. அதில் டென்சிங்கின் மகள்கள் பெம் பெம், நீமா இரண்டு பேரும், உறவுக்காரப் பெண் டோமாவும் இருந்தார்கள். பனிச்சரிவில் கோகனும், பெல்ஜியத்தைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும், ஷெர்பாக்களும் இறந்தார்கள். டென்சிங்கின் மகள்கள் உயிரோடு திரும்பினார்கள். பென்சில் கொடுத்தனுப்பிய அதே நீமாதான்.

இத்தனைக்கும் பிறகும் வேலையை விடவில்லை. 1954-ல் இருந்து 1976 வரை, 22 வருஷம், அதே பொறுப்பு. 1965-ல் கேப்டன் எம்.எஸ்.கோலி தலைமையில் ஒன்பது இந்தியர்கள் எவரெஸ்ட் ஏறினார்கள். அதில் நவாங் கோம்புவுக்கு அது இரண்டாவது முறை, எவரெஸ்ட்டை இரண்டு தடவை தொட்ட முதல் ஆள் உலகத்திலேயே அவர்தான். 1976-ல் மாமா ஓய்வு பெற்றதும் களப்பயிற்சி இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இதே கோம்புதான்.

மேலே நிற்பவர் யார்?

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி ஆபீஸ் நண்பர்களோடு ஒரு வீக் எண்ட் அட்வென்ச்சர் கேம்ப் போனேன். 40 அடிப் பாறை, ராப்பெல்லிங், ரீல்ஸுக்குச் செம லொகேஷன். கலர் டி-ஷர்ட் போட்ட தம்பி ஒருவர் ஹார்னஸ் மாட்டிவிட்டார். என்னைவிட நாலு வயசு குறைவு இருக்கும். விளிம்பில் சாய்ந்து நின்றபோதுதான் கயிறு ஒரே ஒரு மரத்தில் கட்டியிருப்பதைப் பார்த்தேன். வேறு கயிறு இல்லை, கீழே பிடிக்க ஆள் இல்லை. இறங்கி முடித்து, போட்டோ எடுத்து, லைக்ஸும் வாங்கிவிட்டேன். அந்தத் தம்பி எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் இறங்கியது ஒரு ஸ்கூல் பசங்க கூட்டம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 ஜூலையில் கோவைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சி. இரண்டாவது மாடியில் இருந்து, கீழே பிடித்திருக்கும் வலையில் குதிக்க வேண்டும். 19 வயசு மாணவி ஒருவர் தயங்கினார். பின்னால் இருந்த பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கீழ்த்தள சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்துபோனார். அந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்தோம். பயிற்சிக்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை, அந்த ஆள் தங்கள் அங்கீகாரம் பெற்றவர் இல்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொன்னது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தயங்குகிறவரைத் தள்ளுவது, நல்ல இன்ஸ்ட்ரக்டர் செய்யவே மாட்டாத வேலை. பயம் வந்தால் நிறுத்து, மறுபடி செக் பண்ணு, முடியாவிட்டால் படியில் இறங்கிப் போகட்டும். நங்கா பர்பத்தில் வர மாட்டேன் என்று நின்ற டென்சிங்குக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்றைக்கு எச்.எம்.ஐ-யிலும், 1965-ல் உத்தரகாசியில் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனத்திலும் ஏணி ஒன்றேதான். முதலில் 28 நாள் பேசிக் கோர்ஸ். அதில் ஏ கிரேடு வாங்கினால்தான் அட்வான்ஸ்டு கோர்ஸ், அதுவும் 28 நாள். அதிலும் ஏ கிரேடு வாங்கியவர்களுக்கு மட்டும் மெத்தட் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன், அதாவது கற்றுக்கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளும் படிப்பு. வகுப்பு எடுக்கணும், பாறையைப் பார்த்து ஆபத்தைக் கணிக்கணும், அடிபட்டவரை இறக்கணும். பேசிக் முடித்து சர்டிஃபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியவர் நல்ல ஏறுபவராக இருக்கலாம். அடுத்த வாரமே ஸ்கூல் பசங்களைக் கயிற்றில் விட அவருக்குத் தகுதி வந்துவிடாது. பாறை ஏறுதலுக்கு மட்டும் தனியாகச் சின்னக் கோர்ஸ்களும் சில நிறுவனங்களில் உண்டு.

அதனால் அடுத்த தடவை உங்கள் தம்பியோ தங்கையோ ஸ்கூல் கேம்ப்புக்குப் பர்மிஷன் ஃபார்ம் நீட்டினால், சாப்பாடு என்ன, ரூம் எப்படி என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கயிறு கட்டுபவர் எந்த இன்ஸ்டிட்யூட்டில் எந்த கோர்ஸ் வரை முடித்திருக்கிறார், முதலுதவி தெரியுமா, ஒரு நேரத்தில் எத்தனை பசங்களை ஒருவர் பார்த்துக்கொள்வார், ஹெல்மெட் எல்லோருக்கும் உண்டா என்று கேளுங்கள். உடன் போகிற பி.டி மாஸ்டர் கீழே நின்று விசில் ஊதுவாரா, ஆங்கரை ஒருமுறையாவது பார்ப்பாரா என்றும் கேட்கலாம். நல்ல கேம்ப்காரர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

மகனுக்கு மட்டும் நோ

ஓய்வுக்குப் பிறகு டென்சிங் சொந்தமாக ஒரு ட்ரெக்கிங் கம்பெனி தொடங்கினார். மூன்றாவது மனைவி டக்குவுக்குப் பிறந்த மகன் ஜாம்லிங்குக்கு 1980-களின் ஆரம்பத்தில் ஒரே ஆசை. இந்திய எவரெஸ்ட் குழுவில் சேர அப்பா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். டென்சிங் மறுத்துவிட்டார். அந்த உச்சியைத் தான் தொட்டதே பிள்ளைகள் தொட வேண்டிய அவசியம் இல்லாமல் போவதற்காகத்தான் என்பது அவர் வாதம். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு 22 வருஷம் மலையேறச் சொல்லிக்கொடுத்தவர், தன் பிள்ளை விஷயத்தில் இப்படியா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். கயிற்றின் இரண்டு முனையிலும் நின்று பார்த்த ஓர் அப்பாவிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

1986 மே 9-ம் தேதி டார்ஜிலிங்கில் டென்சிங் இறந்தார். எச்.எம்.ஐ வளாகத்திலேயே தகனம் செய்தார்கள். அங்கே அவர் சிலை இருக்கிறது.

பத்து வருஷம் கழித்து, 1996 மே மாதம், ஜாம்லிங் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அதே மே மாதத்தில், அதே மலையில், ஒரே புயலில் எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். அவரும் அவர் குழுவினரும் அந்தப் புயலுக்கு முன்பே கீழே இறங்கி, மீட்பு வேலையில் உதவிவிட்டு, பிறகுதான் திரும்ப ஏறினார்கள்.